ஆடிக்கு வந்த கப்பு

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்த் திடலில் பெண்பிள்ளைகள் பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நீங்கள் இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். பசங்களெல்லாம் ஏன் மீன் காயவைக்கிற மணலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், நல்ல கிரவுண்டு மட்டும் எப்படிப் பெண்களுக்கு வந்தது என்று. அம்மாவைக் கேட்டதற்கு, "உங்கப்பாவக் கேளு. அம்மனுக்கு பாலிஷ் போட்டவரு அவருதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எங்கேயாவது எழுத்து இடறினால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. செங்கல்பட்டில் ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். தொப்பையும் விசிலும் அவரோடு பிறந்தவை. பெண்களுக்கு ஒரு கால்பந்து லீக் நடத்தியே தீருவது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். ஐந்தாறு அணி சேர்த்தார். அணுமின் நிலைய டவுன்ஷிப் அணி சொந்த பஸ்ஸில், ஆரஞ்சுப் பழக் கூடையோடு வரும். கூடுவாஞ்சேரி அணி ரயிலில் வரும், அதனால் எப்போதும் பாதி அணிதான் முதலில் வரும், மீதி அடுத்த ரயிலில். செங்கல்பட்டுக்கு மேற்கே ஏரிக்கரையில் ஒரு கிராமம், அங்கிருந்து நாற்று நட்டு நட்டுக் காலெல்லாம் இரும்பாகிப்போன ஒரு அணி. அப்புறம் மாமல்லபுரத்தை ஒட்டின நம் ஊர் அணி. கல் பட்டறைக் குடும்பத்துப் பெண்கள் பாதி, குப்பத்துப் பெண்கள் பாதி. கேப்டன் உங்கள் அம்மா. அப்போது அவள் உங்களுக்கு அம்மாவும் இல்லை, எனக்குப் பெண்டாட்டியும் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற, என்னைப் பார்த்தால் வேண்டுமென்றே என் சைக்கிள் மேல் பந்தை உதைக்கிற ஒரு பெண்.

லீக் நடத்த ஆசிரியரிடம் எல்லாம் இருந்தது, கப்பு மட்டும் இல்லை. எங்கள் பட்டறை முதலாளி நல்ல மனசுக்காரர். "கடையில விக்கிற தகரக் கப்பு எதுக்கு சார்? நாங்களே கல்லுல ஒண்ணு அடிச்சுத் தர்றோம். உங்க பேரனுக்குப் பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்றார். ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்குவது யார் என்று அவரும் யோசிக்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை.

பந்து ஆடுகிற பெண் மாதிரி ஒரு சிலை வேண்டும் என்று எங்கள் மேஸ்திரியிடம் ஒரு பேப்பர் படத்தைக் கொடுத்தார்கள். ஏதோ வெளிநாட்டுக்காரி, பந்தின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஆஃப்சைடு என்று ரெஃப்ரியிடம் கையைத் தூக்கிக் கத்துகிறாள். ஆஃப்சைடு என்றால் எதிராளியின் கோல் பக்கமாக முன்கூட்டியே போய் நின்றுகொள்வது. அப்படி நின்று அடிக்கிற கோல் செல்லாது. மேஸ்திரி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாடா இது, பல்லப் பாரு. இவ மூஞ்சிய இப்டியே வெச்சா கொயந்தைங்க பயப்படும்" என்றார்.

அவர் முப்பது வருஷமாக அம்மன் தவிர வேறு பெண்ணைச் செதுக்கினதில்லை. கைக்கு என்ன வருமோ அதுதானே வரும்? வாயை மூடிச் சிரிக்க வைத்தார். மூக்குத்தி வைத்தார். தலைமுடி பறந்தால் உடைந்துவிடும் என்று கொண்டையாகக் கட்டினார், அது கிரீடம் மாதிரி நின்றது. ஆஃப்சைடு கேட்கிற கை அப்படியே அபயம் கொடுக்கிற கை ஆனது. காலடியில் இருந்த பந்தைப் பார்த்தவன் எவனும் பந்து என்று சொல்லவில்லை. "யார் தலைப்பா இது, எந்த அசுரன்?" என்றுதான் கேட்டான். நான் தேய்த்துத் தேய்த்து பாலிஷ் போட்டேன். அந்தப் பந்துக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க ஆயிற்று.

எல்லாம் முடிந்ததும் மேஸ்திரி ஒரு வேலை செய்தார். வழக்கம்போல நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, உளியால் கண்ணைத் திறந்துவிட்டார். சாமி சிலைக்குச் செய்கிற வேலை அது. "கப்புக்கு எதுக்கு மேஸ்திரி கண் திறக்கிறீங்க?" என்று நான் கேட்டதற்கு, "கண்ணு தொறக்காம வேலைய அனுப்பினா எனக்குச் சோறு எறங்காதுடா" என்றார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

அந்த வருஷம் ஏரிக்கரை கிராமத்து அணி ஜெயித்தது. கப்பை நாலு பேர் தூக்கி, மாட்டு வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூட பீரோவில் வைக்கலாம் என்றால் பீரோ தாங்காது. ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தார்கள், மேஜையின் கால் ஒன்று சாய்ந்தது. கடைசியில் அவர்கள் ஆடுகிற திடலுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டார்கள். மறுநாளே மழை. ஏரி நிரம்பி வழிந்தது. வேப்பமரம், மழை, கண் திறந்த கல். இனி கேட்க வேண்டுமா? யாரோ குங்குமம் வைத்தார்கள், யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். பந்தடி அம்மன் என்று பெயரும் ஆயிற்று. இது எதுவும் நம் ஊருக்குத் தெரியாது.

அடுத்த தை மாதம் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணம். அந்தக் கதை தனி, அதில் சைக்கிள் வருகிறது. இங்கே வேண்டியது கிரவுண்டு கதை.

சவுக்குத் தோப்புக்கும் பட்டறைகளுக்கும் நடுவில் இருக்கிற புறம்போக்கில்தான் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் ஆடுகிற பசங்க அது தங்களுக்கு வேண்டும் என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் போய் நின்றார்கள். அவர்கள் கையில் ஓட்டு இருந்தது. பெண்கள் கையிலும் ஓட்டு இருந்தது, ஆனால் அதை வீட்டு ஆம்பளை சொல்கிறபடி போடுவார்கள் என்று தலைவருக்கு ஒரு நம்பிக்கை. அவர் உங்கள் அம்மாவைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால் சொன்னார்:

"இத பாரும்மா. இந்த வருசம் கப்ப ஜெயிச்சு, கொண்டாந்து எங் கண்ணுல காட்டு. கிரவுண்டு உங்களுக்கு. இல்லன்னா ஆடி மாசம் முடிஞ்சதும் பசங்க பிட்ச் போட்டுக்குவாங்க. அப்பால எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது."

"மூக்கச் சிந்தறது உங்க வூட்டு வழக்கமாக்கும்" என்றாள் உங்கள் அம்மா. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. நான் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. சோறு வடிக்கும்போதும் கால் சும்மா இருக்காது. அந்தக் கிரவுண்டு போனால் அந்தப் பெண்களுக்கு வேறு இடம் இல்லை. மணலில் ஆடினால் குப்பத்துப் பெரியவர்கள் வலையை மிதிக்காதே என்பார்கள், தெருவில் ஆடினால் மற்றதையெல்லாம் சொல்வார்கள்.

ஆனி மாதம் ஃபைனல். எதிரணி அதே ஏரிக்கரை கிராமம். அவர்கள் உதைக்கிற உதைக்குப் பந்து நெல்லு மூட்டை மாதிரி வந்து விழும். கடைசி நிமிஷங்களில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அடித்த பந்து, தையல் கடையில் வேலை செய்கிற நம் ஊர்ப் பெண்ணின் கொண்டையில் பட்டு உள்ளே போயிற்று. அவள் அந்தப் பக்கம் திரும்பி பனியன் தையல் பிரிந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொண்டைல பட்டா கோல் இல்ல சார்!" என்று அவர்கள் கத்தினார்கள்.

"கொண்ட தலையிலதானேம்மா கீது? கழட்டி வெச்சுட்டா ஆடறா?" என்றார் ரெஃப்ரி. அதற்கு மேல் பேச்சில்லை. ஜெயித்தோம்.

உங்கள் அம்மா ஆசிரியரிடம் போய்க் கப்பைக் கேட்டாள். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டே, "அது அவங்க ஊர்லதான் இருக்கு. நீங்களே போய் வாங்கிக்கங்க" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் குப்பத்திலிருந்து மீன் வண்டியை எடுத்துக்கொண்டு, அணியில் ஆறு பெண்களும் நானும் போனோம். வேப்பமரத்தடியில் போய்ப் பார்த்தால், கப்புக்குப் பட்டுப்பாவாடை! எலுமிச்சம்பழ மாலை. தலைக்கு மேல் நாலு தகரம் போட்ட கொட்டகை. முன்னால் ஒரு சூலம். பந்து இருந்த இடத்தில் மஞ்சள் பூசி இரண்டு கண்ணும் மீசையும் வரைந்திருந்தார்கள். நான் ஒரு நாள் முழுக்கத் தேய்த்த பந்து.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கொட்டகைக்குப் பொறுப்பாக இருந்தார். நாங்கள் வந்த வண்டியைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் மோந்தார்.

"இன்னா வண்டிம்மா இது?"

"மீன் வண்டி. எங்க கப்ப எடுத்துகினு போவ வந்திருக்கோம்" என்றாள் உங்கள் அம்மா.

"கப்பா? ஆத்தாளப் போயி கப்புன்றியே, நாக்கு அழுவிடும். அதுவும் மீன் வண்டியில ஏத்துவியா?"

"நைனா, இது எங்க ஊர்ல அடிச்ச கல்லு. தோ நிக்கறாரே எங்க வூட்டுக்காரரு, அவருதான் பாலிஷ் போட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் என்னைக் கும்பிட்டேவிட்டார்.

"கல்லுதான்னா கண்ண ஏன் தொறந்தீங்க?" என்று கேட்டார் பெரியவர். "நாங்களா தொறந்தோம்? உங்க மேஸ்திரிதான தொறந்தாரு? கண்ணு தொறந்தா சாமி. சாமி வந்த மறுநாளே மய பேஞ்சுது. நீ எத்தினி கோல் வேணா போட்டுக்க, ஆத்தா நவுர மாட்டா."

அந்த ஊர் அணியின் கேப்டன், ஃபைனலில் நம்மிடம் தோற்றவள், கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்கு அது கப்பு என்று தெரியும். மாட்டு வண்டியில் தூக்கி வைத்தவளே அவள்தான். "இன்னா பண்ணச் சொல்ற? நான் இத்தக் கப்புன்னு சொன்னா எங்க மாமியா எனக்குச் சோறு போடாது" என்று உங்கள் அம்மாவிடம் காதோடு சொன்னாள்.

பெரியவர் முடிவாகச் சொன்னார்: "ஒருத்தர் வூட்டுக்கு வாழ வந்த பொண்ண யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா? ஆத்தா எங்க ஊருக்கு வாழ வந்த பொண்ணு. கெளம்பு, கெளம்பு."

உங்கள் அம்மா கிளம்பப் போனவள் நின்றாள். அந்த முகத்தை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ரேஷன் கடைக்காரர் எடையில் விரல் வைக்கும்போது வருகிற முகம்.

"வாழ வந்த பொண்ணா? நீங்களே சொல்லிட்டீங்க நைனா. மாத்திப் பேசக் கூடாது" என்றாள். கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வழியில் கேட்டதற்கு, "இன்னும் பத்து நாள்ல இன்னா மாசம் பொறக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

ஆடி. புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடி பிறந்தால் தாய்வீட்டுக்காரர்கள் சீர் கொண்டுவந்து அழைத்துப் போவார்கள் இல்லையா? புருஷன் ஒரு வீட்டில், பெண்டாட்டி ஒரு வீட்டில். ஏன் பிரித்து வைக்கிறார்கள் என்று இப்போது கேட்காதீர்கள், வளர்ந்தபின் சொல்கிறேன். எங்களுக்கும் அது முதல் ஆடி. உங்கள் அம்மாவையும் அவள் வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள், இரண்டு தெரு தள்ளி. நான் சாயங்காலம் அந்த வழியாகத் தேவையில்லாமல் நாலு தரம் சைக்கிளில் போவேன். அவள் மாடியிலிருந்து, "இன்னா, செயின் கழண்டுட்டுதா?" என்று கேட்பாள். தாய்வீட்டில் கேட்க ஆளில்லை என்பதால் நாள் முழுக்கத் திட்டம் தீட்டினாள்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை அந்த மீன் வண்டியைக் கழுவி, சாம்பிராணி போட்டு, முன்னும் பின்னும் வாழைக்கன்று கட்டினோம். வாசனை போகவில்லை, சாம்பிராணி போட்ட மீன் மாதிரி ஆயிற்று. வண்டி ஏரிக்கரை கிராமத்து எல்லையில் நின்றது. மேளக்காரர் ஒருவர் முன்னால். பின்னால் அணி முழுக்க, ஆட்ட பனியனும் அரை நிஜாருமாக, கை நிறையக் கண்ணாடி வளையலோடு, தலையில் சீர்த்தட்டோடு. ஒரு தட்டில் புடவை, ஒன்றில் பூ, மஞ்சள், குங்குமம், ஒன்றில் வாழைப்பழம். தேங்காய்த் தட்டில் தேங்காய்களுக்கு நடுவில் ஒரு கால்பந்து.

பெரியவர் ஓடி வந்தார். "இன்னாடி இது கூத்து?"

"பொண்ண அழைக்க வந்தோம் நைனா" என்றாள் உங்கள் அம்மா, தட்டை நீட்டி. "ஆத்தா உங்க ஊருக்கு வாழ வந்த பொண்ணுன்னு நீங்கதான சொன்னீங்க? அவ பொறந்த பட்டற எங்க ஊர்லதான் கீது. அப்ப நாங்க தாய்வூடு. ஆடி பொறந்துட்டுது. அனுப்புங்க."

பெரியவர் தேங்காய்த் தட்டில் இருந்த கால்பந்தைப் பார்த்தார். "சாமிக்கு இன்னாம்மா ஆடி?"

"சாமிக்குத்தான ஊரே ஆடி கொண்டாடுது!"

"அதெல்லாம் அனுப்பற வழக்கம் இல்ல."

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கூட்டத்தில் இருந்த அந்த ஊர்ப் பெண்கள் அதுவரைக்கும் வேடிக்கைதான் பார்த்தார்கள். ஒரு நடுவயது அம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இப்டித்தான்யா எங்க மாமியாளும் சொல்லுச்சு. எங்கம்மா சீர் தூக்கிகினு வந்து வாசல்ல நின்னுது. அனுப்பல. பதினெட்டாம் பெருக்குக்குக்கூட அனுப்பல."

"எங்க வூட்லயும்தான்" என்றாள் இன்னொருத்தி. "நாத்து நடணும்னு நிறுத்திக்கினாங்க."

"எங்களத்தான் அனுப்பல, ஆத்தாளையாவது அனுப்புய்யா!"

"சீர் கொண்டாந்தவங்கள வெறுங்கையா அனுப்பினா இந்த ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

பெரியவருக்கு வேர்த்தது. அவர் சம்சாரமும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றது, அவரையே பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. "சரி, சரி. கூட்டிகினு போங்க. ஆவணி பொறந்ததும் கொண்டாந்து வுட்டுடணும். தாய்வூடு தாய்வூடாத்தான் இருக்கணும், ஆமா."

தோற்ற அணியும் ஜெயித்த அணியும் சேர்ந்து தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அந்த ஊர்க் கேப்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "போன வருசமே தோத்திருக்கலாம்" என்றாள்.

கப்பு நம் ஊர்க் கிரவுண்டுக்கு வந்து இறங்கியது. உங்கள் அம்மா தலைவரைக் கூட்டி வந்து காட்டினாள். அவர் கப்பைப் பார்க்க வந்தவர். எலுமிச்சம்பழ மாலையையும் அபயக் கையையும் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"கண்ணுல காட்டச் சொன்னீங்க. காட்டிட்டேன். ஆத்தா முன்னால சொல்லுங்க, கிரவுண்டு யாருக்கு?"

தட்டில் கற்பூரம் எரிந்தது. தலைவர் அதன் மேல் கையை வைத்தார். "பந்து ஆடற பொண்ணுங்களுக்கு."

அன்றைக்குச் சாயங்காலம் பட்டறையில் எல்லோருக்கும் டீயும் போண்டாவும். மேஸ்திரி மட்டும் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து, மூக்குத்தியை இன்னும் கொஞ்சம் பெரிசாக வைத்திருக்கலாம் என்றார்.

ஆடி நடுவில் ஒரு நாள் கிரவுண்டில் ஒரு டிராக்டர் வந்து செங்கல்லைக் கொட்டியது. பெண்கள் ஓடிப் போய்க் கேட்டார்கள். தலைவர் சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார். பந்தடி அம்மனுக்கு அங்கேயே கோயில் கட்டப்போகிறாராம். கிரவுண்டு நடுவில் கருவறை, முன்னால் மண்டபம், பக்கத்தில் கார் நிறுத்த இடம். மகாபலிபுரம் வருகிற டூரிஸ்ட்டெல்லாம் வருவார்களாம்.

"சத்தியம் பண்ணீங்களே!" என்றாள் உங்கள் அம்மா.

"மீறலியே! கிரவுண்டு பந்து ஆடற பொண்ணுங்களுக்குன்னு சொன்னேன். தோ, ஆத்தாளும் பொண்ணுதான். காலுக்கடியில பாரு, பந்து. அவளுக்குக் குடுத்துட்டேன்."

நான் தேய்த்த பந்தை எல்லோரும் அசுரன் தலை என்றார்கள். முதல் தடவையாக ஒருத்தர் பந்து என்று ஒப்புக்கொண்டார், அதுவும் எந்த நேரத்தில் பாருங்கள்.

பெண்கள் செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தையல்காரப் பெண் அழுதாள். கப்பைக் கொண்டுவந்தால் கிரவுண்டு வரும் என்று கொண்டுவந்தார்கள். வந்த கப்பே கிரவுண்டை எடுத்துக்கொள்ளப் பார்த்தது. உங்கள் அம்மா சிலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, புடவையில் ஒட்டின செங்கல் தூளைத் தட்டிக்கொண்டு, தலைவரின் சம்சாரத்தைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு. அங்கிருந்து குப்பத்துக்கு. எல்லா வீட்டிலும் கேட்டது ஒரே கேள்வி.

"யக்கா, கட்டிக்குடுத்த பொண்ணு ஆவணி பொறந்தும் தாய்வூட்லயே கீறான்னா ஊர் இன்னா பேசும்?"

நம் ஊர்ப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. புருஷன் துரத்திட்டானா? மாமியாகூடச் சண்டையா? நம்ம ஊர்ப் பொண்ணு வாழாவெட்டின்னு பேர் வாங்கணுமா, அதுவும் ஒரு அம்மன்? ஆடி கடைசி நாள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் கிரவுண்டுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் தலைவரின் சம்சாரம்.

"யோவ், கட்டிக்குடுத்த நம்ம பொண்ணு ஆடி முடிஞ்சும் நம்ம வூட்லயே தங்கினப்ப எப்டிப் பதறினே? இவளுக்கு மட்டும் இன்னா, கோயிலு கட்டிக் குந்த வெக்கறியா? செங்கல்ல எடுய்யா."

தலைவர் உங்கள் அம்மாவைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

ஆவணி முதல் தேதி புதுப் புடவை கட்டி, மடி நிறைய மஞ்சளும் முறுக்கும் கட்டி, அம்மனை மீன் வண்டியில் ஏற்றிப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். நாலைந்து அம்மாக்கள் நிஜமாகவே அழுதார்கள். ஏரிக்கரைப் பெரியவர் எல்லையிலேயே ஆரத்தித் தட்டோடு நின்றார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டே பொண்ணே" என்று உங்கள் அம்மாவுக்குத் திருநீறு பூசினார். அவளுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று அவருக்குத் தெரியாது. அதே நாள் அவளும் இரண்டு தெரு தாண்டி நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என் சைக்கிள் செயினும் அத்தோடு சரியாயிற்று.

ஜெயித்த கப்பு நம்மிடம் இல்லை. ஆசிரியர் அடுத்த வருஷத்திலிருந்து ஒரு எவர்சில்வர் குடத்தைக் கப்பாகக் கொடுத்தார். நம் வீட்டில் அரிசி இருக்கிறதே, அந்தக் குடம்தான். அதை யாரும் கும்பிடவில்லை. கொட்டின செங்கல்லைத் தலைவர் கௌரவம் பார்த்துத் திருப்பி எடுக்கவில்லை. கிரவுண்டு ஓரத்தில் நீங்கள் உட்கார்ந்து கால் ஆட்டுகிற அந்த நீளத் திண்டு அதில் கட்டினதுதான்.

பந்தடி அம்மனுக்கு இப்போது ஏரிக்கரையில் கோபுரமே வந்துவிட்டது. போன ஆடியில் நாம் எல்லோரும் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கூட்டத்தில் எல்லோரும் அந்தத் தூக்கின கையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உங்கள் அம்மாவும் கும்பிட்டாள். கும்பிட்டு முடித்து என் பக்கம் சாய்ந்து, "பாவம்யா, எத்தினி வருசமா ஆஃப்சைடு கேட்டுகினு கீறா. ரெஃப்ரி ஒருத்தனும் திரும்பிப் பாக்கல" என்றாள். நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். அதுதான்.